குடிக்காமல் தள்ளாடியவர்

அந்தச் சனிக்கிழமை மதியம் அலுவலகக் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். கடலூர் பக்கத்துக் குடிகாடு கிராமத்திலிருந்து, எங்களோடு குடியை விட்ட வேலு கைப்பேசியில் கூப்பிட்டான். "அண்ணே, கண்டக்டர் போயிட்டாராம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல குடிச்சிட்டு வுழுந்து கெடந்தாராம்." முதல் செய்தியைத் தாங்க முடியவில்லை, இரண்டாவதை நம்பவே முடியவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததாகவும், தானே வந்து குழாயை மூடியதாகவும் சக ஊழியர் ஒருவர் பிறகு சொன்னார்.

ஞானப்பிரகாசம் என்ற பெயரைவிடக் கண்டக்டர் என்றால்தான் உங்களில் பலருக்குத் தெரியும். கடலூர் - சிதம்பரம் தடத்தில் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்தவர். யாரும் பேசாதபோதும் அவர் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. அவற்றை அடக்கக் குடித்தார். குடிக்கக் குடிக்கக் குரல்கள் கூடின. கடைசியில் டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். நான் தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பத்திலிருந்து அரசு வேலைக்குப் போனவன். சில மாதங்கள் தூக்கமே இல்லாமல் துள்ளிக்கொண்டிருப்பேன், சில மாதங்கள் பாயைவிட்டு எழமாட்டேன். இரண்டு காலத்திலும் குடித்தேன். 2004இல் மனநல மருத்துவர் ஒருவரின் அறை வாசலில், அடுத்தடுத்த நாற்காலிகளில் நாங்கள் அறிமுகமானோம்.

அப்போது எங்களுக்குப் போக்கிடமே இல்லை. குடியை விட்டவர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்குப் போனால், "மாத்திரையும் போதைதான், அதையும் விடு" என்றார்கள். மருத்துவமனைக்குப் போனால், "முதலில் குடியை விட்டுவிட்டு வா" என்றார்கள். ஞானப்பிரகாசம் என் தொடையில் தட்டிச் சொன்னார்: "அங்க போனா நாம பைத்தியம், இங்க வந்தா குடிகாரன். ரெண்டுமா இருக்கறவன் எங்க மச்சான் போறது?" இந்தக் கேள்வியைத்தான் தனக்குத் தெரிந்த பாதிரியாரிடமும் போய்க் கேட்டார். கடலூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை கிடைத்தது. பிறகு சிதம்பரத்திலும் ஓர் இடம் கிடைத்தது. எங்களைப் போல இரண்டுமாக இருப்பவர்கள் ஒரு ஞாயிறு அங்கே, ஒரு ஞாயிறு இங்கே என்று கூடினோம்; குடியை விட்டோம், மாத்திரையை விடவில்லை.

அந்த வகுப்பறைக்குள் நுழைய ஒரு வழக்கம் இருந்தது. வாசலில் நின்று "டிக்கெட், டிக்கெட்" என்பார். நாங்கள் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். தன்னுடையதை முதலில் அவரே காட்டிவிடுவார். மாத்திரையை நிறுத்திவிட்டு அசடு வழிய நிற்பவரையும் திருப்பி அனுப்பியதில்லை. "வித்தவுட்டா? சரி, ஏறு. அடுத்த ஸ்டேஜுக்குள்ள எடுத்துக்க" என்பார். வீட்டில் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்த அட்டையை நாங்கள் பத்துப் பேர் நடுவில் சிரித்தபடி காட்டினோம். அந்தச் சிரிப்பு எங்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை வெளியாட்களுக்கு என்னால் விளக்க முடியாது.

எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தவறு உண்டு. குடியை விட்ட பெருமையில், இனி எதுவுமே வேண்டாம் என்று மாத்திரையையும் தூக்கி எறிந்துவிடுவது. 2009இல் வேலு அதைச் செய்தான். அவனுக்குக் கெமிக்கல் கம்பெனியில் ஒப்பந்த வேலை. கூட வேலை செய்பவர்கள் தன் சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று சாப்பிடுவதையே நிறுத்தினான். மருத்துவமனையில் சேர்த்த பிறகு ஞானப்பிரகாசம் தினமும் போய், அவன் தட்டிலிருந்து முதல் கவளத்தைத் தான் தின்று காட்டினார். வேலு ஒருநாள் வாய் திறந்தான். "மாத்திர போட்டா கை ஆடுதுண்ணே. ஊரே குடிகாரன்னு பாக்குது." அதற்கு அவர், "குடி நம்மள ஏமாத்திச்சி. இது ஏமாத்தல வேலு. கைய ஆட்டுவேன்னு சொல்லிட்டுத்தான் உள்ள வருது" என்றார்.

அவருக்கும் கை ஆடியது. நடையும் விறைத்து ஒரு பக்கமாகத் தள்ளும். ஒருமுறை இருவரும் சிதம்பரம் பேருந்தில் ஏறினோம். புதிய நடத்துநர், பையன் வயது. அவரை ஏற இறங்கப் பார்த்து, "குடிச்சிட்டு ஏறாதய்யா, பொம்பளைங்க இருக்காங்க" என்றான். சட்டையைப் பிடிக்க எழுந்த என்னை ஞானப்பிரகாசம் இழுத்து உட்காரவைத்தார். "குடிச்ச காலத்துல ஆடாத கை, வுட்ட பொறவு ஆடுது. அவன் என்னா பண்ணுவான் மச்சான்? நானும் இந்த ரூட்ல எத்தினி பேர எறக்கி வுட்டிருக்கேன், அதுல எவனெவன் நம்மாளோ."

இன்னொரு நாள் கடலூர் முதுநகரில், மதுக்கடைக்குச் சற்றுத் தள்ளி ஒருவர் கிடந்தார். எல்லோரும் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் அப்படித்தான் போயிருப்பேன். ஞானப்பிரகாசம் மடங்காத முழங்காலை மடக்கி உட்கார்ந்தார், அவரைப் பக்கவாட்டில் புரட்டிப் போட்டார், "சார், பேரு என்னா சார்?" என்றார். "குடிச்சிருக்கானா இல்லியான்னு அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல பேரக் கேளு. பேரு சொல்ல வரலன்னா ஆட்டோவக் கூப்புடு." அந்த மனிதர் பெயரையும் சொன்னார், அதோடு எங்கள் இருவரின் பரம்பரையையும் இழுத்துத் திட்டினார். நல்லா இருக்கான், வா போவோம் என்று ஞானப்பிரகாசம் சந்தோஷமாகக் கிளம்பினார்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நான் சிதம்பரம் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர், ஞானப்பிரகாசத்தின் மனைவி ஸ்டெல்லா அக்காவிடம் பேசி முடித்திருந்தார். மாரடைப்பு. துளி மது இல்லை. பேருந்து நிலையத்தில் நெஞ்சு வலித்துச் சுவரோரம் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். வெகுநேரம் உயிரோடு கிடந்திருக்கிறார். அங்கே தேநீர்க் கடை வைத்திருப்பவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தெனிக்கும் ரெண்டு பேரு இப்பிடிக் கெடப்பாங்க சார். கையி ஆடிக்கினே இருந்துது. தண்ணின்னு நெனச்சிட்டோம்." அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எட்டு வருடம் குடியைத் தொடாத மனிதனைக் குடிகாரன் என்று சாகவிட்டோமே என்ற ஆத்திரம் இதை எழுதும்போதும் ஆறவில்லை.

ஸ்டெல்லா அக்கா அழவில்லை. "டாக்டர் சொல்றத நான் நம்பறேன் தம்பி. ஊரு நம்புமா?" என்று மட்டும் கேட்டார். அதற்குள் வேலு மறுபடி கூப்பிட்டான். "அவுரே குடிச்சிட்டாரு, நானெல்லாம் எம்மாத்திரம்ணே. கட வாசல்லதான் நிக்கிறேன்." "வேலு, அவுரு குடிக்கல. நெஞ்சு வலி. கை ஆடுனதப் பாத்துட்டு எவனும் தூக்கல" என்றேன். "கை ஆடுனதுக்கா?" என்றான். பிறகு, "நான் பஸ் ஏர்றேன்ணே" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நிறைய இருந்தது. பின்வரிசையில் இருவர், "என்ன இருந்து என்னா, கடைசில குடிச்சித்தான போனாரு" என்று பேசிக்கொண்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. வேலு திரும்பினான். தான் மாத்திரை சாப்பிடுவதைக் கம்பெனியில் மறைத்து வைத்திருப்பவன் அவன். தெரிந்தால் வேலை போய்விடும். அவன் கம்பெனி ஆட்களும் வந்திருந்தார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தான். "கண்டக்டர் குடிக்கல. இந்த மாத்திரதான் அவுரு கைய ஆட்டுச்சி. எங் கையும் ஆடுது, பாருங்க." உண்மையில் அவன் கை அன்று வழக்கத்தைவிட அதிகமாக ஆடியது. நானும் என் அட்டையை எடுத்தேன். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எடுத்துக் காட்டினார்கள். ஸ்டெல்லா அக்கா அப்போதுதான் அழத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு வகுப்பறை வாசலில் வேலு நின்று டிக்கெட் கேட்டான். அவன் வேலை இதுவரை போகவில்லை.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய கேள்வியை. சாலையோரம் யாராவது கிடந்தால் இப்போது என்னால் கடந்து போக முடிவதில்லை. குனிந்து கேட்கிறேன். பாதிப் பேர் திட்டுகிறார்கள், திட்டட்டும். சிதம்பரம் பேருந்து நிலையத்தில் அன்று அத்தனை கால்கள் அவரைத் தாண்டிப் போயிருக்கின்றன. அதில் ஒருவர் குனிந்து பேரு என்னா சார் என்று கேட்டிருந்தால், ஞானப்பிரகாசம், கண்டக்டர் என்று அவர் சொல்லியிருப்பார்.