உழுதுவிட்ட புதைகுழிகள்

ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த நோர்வேக்காரப் பெண்மணி மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். கோப்பி தொடமாட்டார். நான் போனால் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து தருவார். அவருடைய பூட்டியின் பெற்றோர் அந்தச் சபையில் சேர்ந்து, கப்பலேறி அமெரிக்காவுக்குப் போனவர்கள். பூட்டி மட்டும் வேலைக்கு நின்ற வீட்டைவிட்டு வரமாட்டேன் என்று இங்கேயே தங்கிவிட்டார். மேற்கே மாட்டுவண்டியில் புறப்படுமுன், மிசூரி ஆற்றங்கரைக் குடியேற்றமொன்றில் பூட்டியின் கைக்குழந்தைத் தங்கை வயிற்றோட்டத்தில் இறந்துபோனாள். அங்கேயே புதைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டுமென்று பெண்மணிக்கு ஆசை. முழங்கால் நோவு, மகனுக்கோ இதில் அக்கறையில்லை. நான் முதியோர் இல்லத்தில் தாதி. என்னைக் கூட வரச்சொல்லிக் கேட்டார். கோடை விடுமுறையில் போனோம்.

குடியேற்றம் இருந்ததற்கு ஓர் அறிவிப்புப் பலகைதான் மிச்சம். சுற்றிலும் சோளம். சிறு மேட்டில் கம்பிவேலி போட்ட மயானம், அதற்குள் சாய்ந்த சில கற்கள். ஒன்றிலும் அவர் தேடிய பெயர் இல்லை.

பக்கத்துக் காணிக்காரர் எங்களைக் கண்டு வந்தார். சில வருடங்களில் எல்லோரும் கிளம்பிப் போய்விட, காணியை வாங்கியவர்கள் உழுதுவிட்டார்களாம். மரப்பலகை நட்ட குழிகள் அடையாளமில்லாமல் போய்விட்டன. வேலி பின்னர் ஒரு உத்தேசத்தில் போட்டது. குழந்தைகளைச் சரிவின் அடியில், வேலிக்கு வெளியே புதைத்திருந்தார்களாம். தன் தாத்தாவின் கலப்பையில் எலும்புகள் வந்தனவென்றும், அவர் அதே இடத்தில் மூடிவிட்டாரென்றும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னார்.

பெண்மணி சோளத்துக்குள் போக வேண்டுமென்றார். கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். சோள இலைகள் முழங்கையை அறுத்தன. செபிப்பார் என்று நினைத்தேன். அவர் செபிக்கவில்லை.

"பெற்றவள் எப்படி இங்கே விட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்?" என்று கேட்டார்.

"ஏறுவார்கள். என் அம்மாவும் நடந்தவர்" என்றேன்.

ஒஸ்லோவில் யாருக்கும் நான் சொன்னதில்லை. போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்தைவிட்டு ஊரோடு நடந்தபோது என் தம்பிக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. மழையும் காய்ச்சலும். அப்பா அவனை றோட்டோரத்தில் ஒரு வேம்பின் கீழே புதைத்தார். பின்னால் சனம் நெருக்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் போனோம். இதைச் சொல்லி முடித்தபோது பெண்மணி என் கையை விட்டு மண்ணில் குந்தினார். எழுப்புவதற்கு அந்தக் காணிக்காரரும் வரவேண்டியிருந்தது.

திரும்பி வந்ததும் நகரின் தெற்கே மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் அம்மாவிடம் போனேன். கண்டதைச் சொன்னேன். கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பிள்ளையளுக்கு மேலை இப்பவும் உழுகினமோ?"

"ஓம் அம்மா."

கத்தியை வைத்தார்.

"எங்கடை பிள்ளை கிடந்த இடத்திலை றோட்டை அகலமாக்கிப்போட்டாங்கள். வேம்பும் இல்லையாம். கொப்பாவுக்குத் தெரியும், எனக்குச் சொல்லேல்லை. ஊருக்குப் போய் வந்த ஆக்களிட்டைக் கேட்டு நானா அறிஞ்சனான்."

அப்பா செத்துப்போய் வருடங்களாகிவிட்டன. உங்களுக்கும் தெரியுமென்று அவரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லையென்று தலையாட்டினார். அந்த மனுசன் அதையும் சுமக்க வேணுமோ என்றார். பிறகு கத்தியை எடுத்து மிச்ச லீக்ஸையும் வெட்டினார்.