நோயின் பெயரைச் சொன்ன எங்கள் அக்கா

அன்பு உறவுகளே, அக்காவின் முப்பத்தோராம் நாளில் எங்களோடு வந்து அமர்ந்திருக்கும் உங்கள் கைகளில் இந்நினைவு மலரைத் தருகிறோம். எங்கள் வீட்டில் பேச்சும் எழுத்தும் அக்காவுக்கே உரியவை. அவர் இருந்திருந்தால் இதையும் அவரே எழுதி, என்னைப் பிழை பார்க்கச் சொல்லி, நான் திருத்தியதை ஏற்காமல் விட்டிருப்பார்.

மட்டக்களப்பு மாவட்டத்தின் களுவாஞ்சிகுடியில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பாவை இளவயதில் இழந்த வீட்டில், யுத்த காலத்தில், அம்மாவோடு சேர்ந்து தம்பியான என்னை வளர்த்தவர். அத்தானைத் திருமணம் செய்து நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வந்து ஸ்டோவ்னர் பகுதியில் குடியேறினார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்துகொண்டே என்னையும் இங்கே படிக்க வரவழைத்தார்.

அக்காவின் மாடிக்கு மேல்மாடியில் எங்கள் ஊர்ப்பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார். திடீரென அவரைக் காணவில்லை. தூரத்து ஸ்தவாங்கர் நகரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று வீட்டார் சொன்னார்கள். அவர் போனது புற்றுநோய்ச் சிகிச்சைக்காக ஒஸ்லோவின் ஆஸ்பத்திரிக்கு என்பது மரண அறிவித்தல் வந்த பிறகுதான் தெரிந்தது. அதிலும் ‘சுகயீனம் காரணமாக’ என்றே இருந்தது. “லிப்டுக்க நாளாந்தம் கண்ட மனிசிடா. ஒரு வாய் கஞ்சி குடுக்க விடல்லையே” என்று அக்கா அழுதார்.

அந்த அழுகையில் தொடங்கியதுதான் அவருடைய தொண்டு. இலையுதிர் காலம் வந்தால் பாடசாலை மண்டபத்தில் உணவு விற்பனை. இடியப்பம், சொதி, ரோல்ஸ் எல்லாம் பெண்கள் கூடிச் சமைப்பார்கள். கிடைப்பது முழுவதும் புற்றுநோயாளருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகும். வேலையில்லாத நாட்களில் நோயாளருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போய், வைத்தியர் சொல்வதைத் தமிழில் விளங்கப்படுத்துவார்.

விற்பனை மேசைக்கு மேல் ‘புற்றுநோய்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை நிற்கும். நம்மவர்கள் பலருக்கு அது கண்ணில் குத்தும். ஒருமுறை ஒரு பெரியவர் ரோல்ஸ் வாங்க வந்து, “தங்கச்சி, உந்தப் பலகையைக் கொஞ்சம் அங்காலை திருப்பி வையுங்கோவன். பிள்ளையளுக்குக் கலியாணம் பேசுற சனம் வந்து போற இடம்” என்றார். “ரோல்ஸைத் திருப்பித் தாறன் அண்ணே, பலகை திரும்பாது” என்றார் அக்கா. பெரியவர் சிரித்துவிட்டு இன்னும் ஒரு பெட்டி வாங்கிப் போனார்.

அதே நோய் அக்காவுக்கும் வந்தது. மறைக்கவில்லை. அந்த வருட விற்பனையில், தலையில் கட்டியிருந்த துணியை எல்லோர் முன்னாலும் அவிழ்த்துவிட்டு, “எனக்கும் வந்திட்டு. வீட்ட வாங்க, பயப்படாம வாங்க” என்றார். அவருடைய மகள் என்னிடம் வந்து, “மாமா, டொக்டர் சிக்மெல்டிங் லீவு தந்து வீட்டில இருக்கச் சொன்னவர். அம்மா இஞ்ச நிண்டு ரோல்ஸ் சுத்துறா, நீங்களாவது சொல்லுங்கோ” என்று விம்மினாள். நான் சொல்லி அக்கா எதைத்தான் கேட்டார்?

ஊரறியச் சொன்ன அக்காவால் ஒருவருக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. களுவாஞ்சிகுடியில் இருக்கும் எங்கள் அம்மாவுக்கு. வீடியோவில் கதைக்கும்போது கோடையிலும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, “இஞ்ச குளிர் அம்மா” என்பார். கதைத்து முடித்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். அதைப் பார்ப்பதுதான் எங்களுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கடைசி நாட்களில் என் கையைப் பிடித்துச் சொன்னார்: “மலர் அடிப்பீங்கதானே. அதில சுகயீனம் எண்டு போட்டுடாத. வருத்தத்தின்ட பேரைப் போடு. ஆனா அம்மா அதை வாசிச்சு அறியப்படாது. முதல் நீ சொல்லிப்போடு. என்னால ஏலாம போச்சு.”

அக்காவைத் தங்கள் தாயைப்போலப் பார்த்த தாதியருக்கும், வீட்டுக்குப் பயமின்றி வந்து அவருக்கு ஊட்டிவிட்ட பெண்களுக்கும், இவ்வருடம் அவரில்லாமலும் விற்பனையை நடத்தியவர்களுக்கும், கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. எங்கள் அத்தானுக்கு நன்றி சொன்னால் கோபிப்பார்.

இம்மலர் அச்சுக்குப் போகுமுன் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அக்கா போனது நெஞ்சுவலியால் என்று நாங்கள் சொல்லி வைத்திருந்தது பொய் என்றேன். அவருக்கு வந்தது புற்றுநோய் என்று சொன்னேன்.

“எனக்குத் தெரியும் மனே” என்றார். “பெத்தவளுக்கு முகத்தைப் பார்த்தா விளங்காதா? நான் கேட்டிருந்தா புள்ள அழுதிருக்கும். அழுதா அணைச்சுப் பிடிக்க நான் கிட்ட இல்லையே. அதுதான் கேக்கல்ல.”

பிறகு, “அவள் சொன்னபடி எழுது” என்றார்.

எங்கள் அக்கா புற்றுநோயால் காலமானார்.