வேண்டுதல் இல்லாத மலை

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தம்பியின் வணக்கம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாரியிலும் ஓட்டல் அடுப்படியிலுமாக நாக்பூர், விசாகப்பட்டினம் என்று திரிந்தவன். எழுத்தில் பிழை இருக்கலாம். சொல்லும் விஷயத்தில் பிழை இல்லை.

அக்கா அரக்கோணத்தில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்ததால் கைக்குழந்தையாகச் செகந்திராபாத் வந்தார். அம்மா சீக்கிரமே போய்விட, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமல் சமையலறைக்குள் போனார். என்னை வளர்த்தார். படுத்துவிட்ட அப்பாவைப் பார்த்துக்கொண்டார். பிறகு மௌலா அலியில் வாழ்க்கைப்பட்டு மாமியார், கணவரான மாமா, ஒரே மகன் என்று அதே வேலையைத் தொடர்ந்தார். நாச்சாரத்தில் வேலை பார்த்த மாமா ஓய்வு பெறும் முன்பே காலமானார். இதில் புதுமை ஒன்றும் இல்லை. உங்கள் வீடுகளிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

மாமா போன மறுவருடம் அக்கா விடியற்காலையில் மௌலா அலி மலை ஏறத் தொடங்கினார். நான் அப்போது அவர் வீட்டில்தான் தங்கியிருந்தேன். மூட்டு வலி அவருக்கு. முதலில் பாதிப் படிகூட ஏற முடியாமல் திரும்பி வந்து, முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு சமைத்தார். மழைக்காலம் முடிவதற்குள் உச்சிக்குப் போய்விட்டார். அங்கே இருக்கும் தர்காவுக்குள் போவதில்லை. பின்பக்கம் வெறும் பாறையில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வரும்வரை யாரிடமும் பேசமாட்டார்.

அந்தச் சமயத்தில் அக்காவின் மகன் அமெரிக்க விசாவுக்கு முயன்றுகொண்டிருந்தான். ஒரு பெண் வாய் திறக்காமல் மலை ஏறினால் நம் ஆட்களுக்கு அர்த்தம் ஒன்றுதான். பிள்ளைக்காக வேண்டுதல். பக்கத்து வீட்டம்மா கேலிகூடச் செய்தார்: "விசாவுக்கு எல்லாரும் பாலாஜி கோயிலைச் சுத்துவாங்க. நீ இன்னா ரூட் மாறிப் போறே?" அக்கா சிரித்துக்கொண்டார். வேண்டுதல் என்பதால் மருமகள் தானே எழுந்து டிபன் செய்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

விசா வந்தது. வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். மகன் சொன்னான்: "மம்மி, வேண்டுதல் முடிஞ்சுது. இனிமே மலை நக்கோ, போவாதே. நீயும் எங்ககூட வா. ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பாப்பாவைப் பாக்க ஆள் வேணும்ல."

"வேண்டுதலா? நான் எதுவும் வேண்டிக்கலியேப்பா."

"அப்போ கைக்குப் போனே, எதுக்கு?"

"எனக்காகத்தான்."

"உனக்கு இன்னா கொறை?"

அக்கா யோசித்துச் சொன்னார்: "கொறைன்னு இல்லடா. அங்க போய் உக்காந்தப்புறம்தான் எனக்குக் காப்பியே புடிக்காதுன்னு தெரிஞ்சுது. இத்தினி வருஷமா எல்லாருக்கும் போட்டேன்னு நானும் குடிச்சிருக்கேன்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிங்க. எனக்குக் கோவம் வரும்னும் அங்கதான் தெரிஞ்சுது. முட்டி வலியோட ஏற முடியுது. தனியா இருக்கப் புடிக்குது. நான் வரலப்பா."

மகனின் முகம் செத்துப்போனது. "எனக்காக ஒரு நாள்கூட வேண்டிக்கலியா?"

"கீழ இருந்த நேரமெல்லாம் உனக்குத்தானேடா."

அவன் அமெரிக்கா போனான். அதன்பிறகு போன்கூடச் செய்யவில்லை. பெற்ற மகனுக்கு உதவாத தாய் என்று பேசினீர்கள். "வயசான காலத்துல கொழுப்பு" என்று இந்த வீட்டு வாசலிலேயே சொன்னவர்கள் இன்றும் வந்திருக்கிறீர்கள். அக்கா காலையில் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

பிறகு வயிற்றில் நோய் வந்தது. மலை நின்றது. மலை ஏறி ஏறியே உயிரை விட்டார் என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டீர்கள். நோய்க்கும் மலைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் என்னிடமே சொன்னார். இனி அப்படிச் சொல்ல வேண்டாம்.

கடைசி வாரத்தில், மகனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "கூப்புடு. வந்தா பாக்கணும்னு ஆசையாத்தான் கீது. ஆனா அன்னிக்கு வரலன்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். அதையும் சொல்லிடு," என்றார். சொன்னேன். அவன் அடக்கத்துக்குத்தான் வந்தான்.

'குடும்பத்துக்காகவே வாழ்ந்த தெய்வம்' என்று அட்டையில் போட்டிருப்பது அவன் விருப்பம். உள்ளேயும் அப்படியே எழுதச் சொன்னான். பாதி உண்மைதான். மீதியை நான் எழுதியிருக்கிறேன். மாற்றாமல் அச்சிட்டிருந்தால் அவனுக்கு என் நன்றி.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன மாரெட்பள்ளி ஆட்டோக்காரருக்கு நன்றி. மலையடிவாரத்து டீக்கடை அம்மாளுக்கும் நன்றி. இறங்கி வரும் அக்காவுக்கு முக்காலியை நகர்த்திப் போடுவாரே தவிர, எதற்குப் போகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. நம் உறவில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவருக்கும் நன்றி என்று இங்கே எழுதியிருப்பேன்.