அது டான்ஸ் இல்லைங்க!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திண்டிவனத்தில் என் அக்கா மகன் செந்திலுக்கு மாப்பிள்ளை ஊர்வலம். கார் வேண்டாமாம்... குதிரைதான் வேண்டுமாம். நான் தாய்மாமன். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் கெத்து எதில் தெரியும்? சரவெடியின் நீளத்தில். ஐயாயிரம் வாலா ஆர்டர் செய்தவன் சாட்சாத் அடியேன்தான்.

வினை முந்தின நாளே செல்போனில் வந்துவிட்டது. குதிரை ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றைப் படித்துத் தொலைத்தேன். குதிரை நம் முகத்தைப் படிக்குமாம். பயந்தவனின் வியர்வை வாடை பட்டால் அதற்கும் பயம் தொற்றுமாம். காதைப் பின்னால் மடித்து, கண்ணில் வெள்ளை தெரிய முழித்தால் — உஷார்!

ஊர்வலத்தில் பேண்டு செட்டின் முதல் அடியிலேயே குதிரைக்குக் காது மடிந்தது. கண்ணில் வெள்ளை. கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தது. தலையை உதறியது.

கூட்டம் விசிலடித்தது. "இன்னா ஸ்டெப்பு போடுதுபா!"

குதிரைக்காரரிடம் கெஞ்சினேன். "அண்ணே, அது பயப்படுதுங்க."

"நீங்க வேற சார்! எங்க ஊரு ஒலக்கூர்ல இத்த பத்தி கேட்டுப் பாருங்க, எத்தினி கல்யாணம் பாத்திருக்குது! அது ஜாலியா ஆடிக்கினு இருக்குது. நீங்கதான் பயந்துக்கினு இருக்கீங்க."

அதுவும் உண்மை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒருவேளை என் வாடைதான் காரணமோ? சிரித்த முகம் காட்டினால் அடங்கும் என்று குதிரையைப் பார்த்து இளித்தேன். என் பல்வரிசையைக் கண்டு இரண்டடி பின்வாங்கியது.

அந்த நேரம் பார்த்து அக்கா வீட்டுக்காரர் அதன் காலுக்கு முன்னால் சரவெடியை விரித்தார். என் கையில் ஊதுவத்தியைத் திணித்தார். "உன் வெடி மச்சான், நீயே கொளுத்து. ஜல்தி!"

மேலே பார்த்தேன். செந்தில் குதிரையின் பிடரி மயிரை இரண்டு கையாலும் பற்றியிருந்தான். "மாமா... வாணாம் மாமா..."

வீரனாக இருந்தால் நாலு வார்த்தை பேசியிருப்பேன். நான் பட்டு வேட்டியோடு சரவெடி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊதுவத்தி விரலைச் சுட்டது. துள்ளி எழுந்தேன், அதைத் தூர எறிந்தேன், கையை உதறினேன், மறுபடி உட்கார்ந்தேன். "அவன எறக்குங்கயா! மோளத்த நிறுத்துங்கயா!"

நிறுத்தினார்கள். செந்தில் இறங்கி நடந்தே மண்டபம் சேர்ந்தான். "மானத்த வாங்கிட்டியே மச்சான்!" என்றார் அக்கா வீட்டுக்காரர். குதிரை தலையைத் தாழ்த்தி, நீளமாக ஒரு மூச்சு விட்டது. நானும்.

நாலு கால் பிராணிக்கு நம் முகம் புரிகிறது. அதன் முகம் நமக்கு? கடிவாளம் வாயை அறுக்கிற வலியில் தலையை உதறினால், 'தாளம் போடுது' என்று கை தட்டுகிறோம். இந்த லட்சணத்தில் குதிரைக்கு எவ்வளவு அறிவு என்று நாம் அளக்கிறோமாம்!

மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வீடியோ. நான் உட்கார்கிறேன், துள்ளுகிறேன், கையை உதறுகிறேன், கத்துகிறேன். பின்னணியில் குத்துப்பாட்டு வேறு சேர்த்திருந்தார்கள். தலைப்பு —

'தாய்மாமன் செம டான்ஸ்!'