கரையில் ஓடிய வெள்ளை நூல்

சாந்தாமணி பவானியில் ஜமக்காளம் நெய்கிற வீட்டில் பிறந்தவள். அவள் அப்பன் மாரிசாமி மகா கோபக்காரர். ஒரு நூல் நிறம் மாறிப் புகுந்தால் போதும், அத்தனையையும் பிரிக்கச் சொல்லி முதுகில் ரெண்டு வைப்பார். 'நல்லாயிருக்குது' என்று அந்த வாய் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் கிட்டுசாமியைக் கட்டிக்கொண்டு அமெரிக்காவில் ஃப்ரீமான்ட் வந்து, தொண்ணூற்றாறில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தாள். அங்கே மத்தியானச் சோற்றுக்குக் கூட உட்கார அவளுக்கென்று இருந்தது தெல்மா ஒருத்திதான். அந்நாட்டுப் பழங்குடியான நவஹோ இனத்துக்காரி. அரிசோனாவில் அவள் அக்காமார் எல்லாரும் கம்பளம் நெய்கிறவர்கள். சின்னதிலேயே விடுதிப் பள்ளிக்குப் போன தெல்மாவுக்கு மட்டும் தறி தெரியாது.

செத்துப்போன தாய் நெய்த கம்பளம் தெல்மாவிடம் இருந்தது. அதன் நடுவில் பூச்சி அரித்துவிட்டது. அக்காமாருக்குத் தெரிந்தால் ஏசுவார்களே என்று பயந்து, அதைச் சாந்தாமணியிடம் கொடுத்தாள்.

ஓட்டை இருந்த இடமே தெரியாமல் அடைத்தாள் சாந்தாமணி. அப்புறம்தான் ஓரம் கண்ணில் பட்டது. கறுப்புக் கரையை அறுத்துக்கொண்டு ஒரு வெள்ளை நூல் வெளியே ஓடியது.

"ஏனுங்க, பாவம் அந்தம்மா கண்ணு மங்கி நூல மாத்திப் போட்டிருக்குது."

"ஓட்டைய அடைக்கத்தான குடுத்தாங்க? கேக்காம கை வெக்காத," என்றார் கிட்டுசாமி.

"போங்க, நீங்க தறியக் கண்டீங்களாக்கும்! தெல்மாக்கா அசந்து போயிரும் பாருங்க."

வெள்ளையை உருவி எறிந்துவிட்டுக் கறுப்பைக் கோத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தெல்மா வந்தாள். நடுவைத் தடவிச் சிரித்தாள். விரல் ஓரத்துக்குப் போனதும் முகம் செத்துவிட்டது. இங்கிலீஷில் என்னவோ வேகமாகச் சொன்னாள். மகள் வெண்பாதான் தமிழில் விளக்கினாள்:

"அம்மா, இட்ஸ் நாட் எ மிஸ்டேக். நெய்யறவங்க மனசு உள்ளயே மாட்டிக்காம வெளிய போக வழி விடுவாங்களாம். அத நீ மூடிட்டியாம்."

"ஐயோ! பிரிச்சு மறுபடி வெள்ளையே போட்டுத் தாரேன்னு சொல்லு கண்ணு."

"அவங்க அம்மா விட்ட வழிய வேற யாரும் போட முடியாதாம்."

உருவி எறிந்த நூலைக் குப்பை வண்டி வெள்ளிக்கிழமையே கொண்டுபோயிருந்தது. தெல்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. கம்பளத்தைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சாந்தாமணி இரண்டு பேருக்குத் தக்காளிச் சோறு கட்டிப் போனாள். தெல்மா வேறு மேசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பேசுச்சா?" என்று சாயங்காலம் கேட்டார் கிட்டுசாமி.

டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்தாள் சாந்தாமணி.

"எங்கப்பன் அந்தக் கரையப் பாத்திருந்தா, நல்லாயிருக்குதுன்னு சொல்லியிருப்பாருங்க."