காந்தம் ஒட்டிய முறுக்கு டப்பா

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம் கொண்டாடினார்கள். கொண்டாடினார்கள் என்றால், கேக் வெட்டினார்கள். ஆளுக்கொரு பூட்டு பொம்மையும் கொடுத்தார்கள். பின்பக்கம் காந்தம், ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளலாம். அதைக் கையில் வாங்கியதும் எனக்குக் குப்பென்று அச்சுமுறுக்கு வாசம் அடித்தது. காந்தத்துக்கும் முறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கம்ப்யூட்டர் அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மில் முழுக்கப் பஞ்சு பறக்கும். எங்கள் அறையில் மட்டும் ஏசி. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஷிப்ட் முடிந்து வேர்வையோடு வருகிறவர்கள் எங்களைப் பார்த்து, "ஏலே, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வாராக, வழிய விடுங்க" என்பார்கள். வெட்கமாகவும் இருக்கும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

அறைக்குப் பொறுப்பு ஜெயசீலி மேடம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவர் ஒருவர் சம்பளத்தில்தான் வீடே ஓடியது. மில்லின் விவரங்களை அன்றன்றைக்கு பிளாப்பி டிஸ்க்குகளில் நகல் எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த கிறிஸ்துமஸ் முறுக்குத் தகர டப்பாவில் வைப்பார். எத்தனை துடைத்தும் அந்த டப்பாவின் முறுக்கு வாசம் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நகல்களை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்க்காமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. மேட்னி ஷோ போய்விடுமே என்று நான் முனகுவேன். "தெறந்து பாக்காம, இருக்குன்னு எப்பிடிப்பா சொல்லுத?" என்பார்.

ஒரு சனிக்கிழமை முதல் பிளாப்பி திறக்கவில்லை. அடுத்ததும் இல்லை. டப்பாவில் இருந்த எதுவுமே திறக்கவில்லை. மேடம் டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே 'அனுமதியின்றித் தொடாதே' என்று ஓர் அறிவிப்பு. முதலாளியின் மகன்தான் எங்கள் மேனேஜர். பாதுகாப்பில் திடீர் அக்கறை வந்து, முந்தின நாள் நாங்கள் போன பிறகு அவரே அதை மூடியில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். காலையில் அதைப் படித்துச் சிரித்தோமே தவிர, எதனால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மேடம் காகிதத்தைப் பிய்த்தார். பின்னால் கனமான காந்தத் துண்டு. பஞ்சில் கிடக்கும் இரும்பைப் பிடிக்க மில்லில் வைத்திருப்பது. பிளாப்பியில் உள்ளதைக் காந்தம் அழித்துவிடும் என்று மேனேஜருக்குத் தெரியாது, பாவம்.

அசல் விவரங்கள் இருந்த பெரிய கம்ப்யூட்டரும் அன்று படுத்திருந்தால் மில்லின் அத்தனை விவரமும் போயிருக்கும்.

"மேடம், சத்தம் காட்டாம புதுசா எடுத்து வச்சிருவோம். அவிய முதலாளி மகன். ஒங்க வேலைக்கே ஒல வச்சிருவாக."

"நாளைக்கு இன்னொரு டப்பாவுல ஒட்டுவாக. பொறவு?"

டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் அறைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். வீரமாகக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன்.

"சார், நீங்க ஒட்டுன காந்தம் நகல் அம்புட்டையும் அழிச்சிருச்சு."

மேனேஜர் காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் சாய்ந்து மேஜையெல்லாம் காபி கொட்டியது. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "நானாம்மா செஞ்சேன்?" என்றார். துடைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து எங்கள் அறைக்கு வந்து, செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, மறுபடி நகல் எடுத்து ஒவ்வொன்றும் திறக்கிற வரைக்கும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, தப்பு தன்னுடையது என்றார். மேடத்தின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த மில் இப்போது கல்யாண மண்டபம். நான் இருக்கும் கம்பெனி ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களைப் பாதுகாக்கிறது. பூட்டு பொம்மையோடு அன்றைக்கு மீட்டிங்கில் உட்கார்ந்தவன், நகல்களைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"எதுக்கு சார் தெறக்கணும்? எல்லாம் சரின்னு ஸ்கிரீன்ல பச்சை காட்டுதே" என்றார் நகல்களுக்குப் பொறுப்பானவர்.

சரி, இப்போது ஒன்றைத் திறங்கள் என்றேன். திறக்கவில்லை. இன்னொன்று என்றேன். அதுவும் திறக்கவில்லை. எத்தனை பேருடைய நோய், எத்தனை பேருடைய மருந்து! ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"ஒரு மெயில் போட்டு வைங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் பாதுகாப்புத் தலைவர்.

எல்லார் கையிலும் காபி இருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.