பாண் துண்டால் துடைத்த பக்கங்கள்

பரந்தனில் எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் பறவைப் புத்தகங்கள் மட்டும்தான் இருக்கும். எல்லாம் நூறு வருடத்துக்கு முந்தியவை, கையால் நிறம் தீட்டிய படங்கள் உள்ளவை. லீவு போட்டு ஊர் ஊராக அலைந்து சேர்த்தேன். வீட்டில் இதற்கு விசர் என்று பெயர். நானும் மறுப்பதில்லை.

அவற்றில் மிக அரியது வவுனியாவில், பழைய பேப்பரை நிறுத்து வாங்கும் ஒரு கடையில் கிடைத்தது. இலங்கைப் பறவைகளைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம். அட்டை உக்கி, ஒரு மூலையைக் கறையான் தின்றிருந்தது. படங்களோ நேற்று வரைந்தவை போல இருந்தன. ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே யாரோ பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தார். பறவையின் பெயர், கண்ட இடம், சின்னதாக ஒரு குறிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியான புத்தகத்தில் கிறுக்கினவனின் கை முறிய வேண்டும் என்று திட்டினேன்.

இறப்பரால் தேய்த்தால் தாள் கெட்டுவிடும். முதல்நாள் சுட்ட பாணின் மெத்தென்ற நடுப்பகுதியை உருட்டி, மெதுவாக ஒற்றி ஒற்றித்தான் எடுக்க வேண்டும். கந்தோர் வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் இதே வேலையாக இருந்தேன். ஒரு மாதம் பிடித்தது. அட்டையையும் புதிதாகக் கட்டினேன். பிறகு பெருமை தாங்காமல் முகநூலில் படம் போட்டேன்.

இரண்டு கிழமையில் உடையார்கட்டிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்தார். அறுபது வயதிருக்கும். நான் போட்ட படத்தை மகள் போனில் காட்டினாளாம், தங்களிடமும் இதே புத்தகம் இருந்ததாம். அவருடைய கணவர் விஞ்ஞானம் படிப்பித்தவர். கலியாணம் செய்த புதிதில் இருவரும் சைக்கிளில் குளம் குளமாகப் போய்ப் பறவை பார்த்திருக்கிறார்கள். யுத்தத்தின் கடைசி இடப்பெயர்வில் புத்தகத்தைப் பொலித்தீனால் சுற்றி, தண்ணீர் பிடிக்கும் பரலுக்குள் போட்டு, வளவில் கிடங்கு கிண்டித் தாட்டுவிட்டு வெளிக்கிட்டார்களாம். கணவர் திரும்பி வரவில்லை. இவர் வந்து கிண்டிப் பார்த்தபோது பரலும் இல்லை.

புத்தகத்தைக் கேட்டுவிடப் போகிறார் என்றுதான் பயந்தேன். அவர் கேட்டது அதை அல்ல.

"புத்தகம் உங்களிட்டயே இருக்கட்டும் தம்பி. அவற்ற கையெழுத்து எங்களிட்ட ஒண்டும் இல்லை. படத்துக்குக் கீழ பென்சிலால எழுதியிருப்பார். அதை மட்டும் போனில படம் எடுத்துக்கொண்டு போறன்."

புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கதிரை நுனியில் இருந்துகொண்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். செண்பகம், மீன்கொத்தி, நாரை. ஒன்றின் கீழும் எழுத்து இல்லை.

"நான் வாங்கேக்கயே இப்பிடித்தான் இருந்ததம்மா," என்றேன். யோசிக்க முன்னமே வாய் சொல்லிவிட்டது.

அவர் புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் என்னிடம் தந்தார்.

"அப்ப இது எங்கட இல்லைத் தம்பி. எங்கட புத்தகம் வேற எங்கயோ இருக்கு."

அதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை கூடப் போய் ஏற்றிவிட்டேன். வழி முழுக்க உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது.

அழிக்கும்போது வாசித்தவற்றில் ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது. மாங்குயிலின் கீழே, "இதை முதலில் கண்டது இவள்" என்று எழுதியிருந்தது. யாரடா இந்த இவள் என்று சிரித்துக்கொண்டுதான் அன்றைக்குப் பாணை உருட்டினேன். அந்த வரியை மட்டும் அந்த மனிதர் அழுத்தி எழுதியிருக்க வேண்டும். யன்னலோரம் தாளைச் சரித்துப் பிடித்தால் அதன் தடம் இன்னும் தெரிகிறது. மற்றப் பக்கங்களையும் அப்படிச் சரித்துப் பார்த்தேன். சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.

இதை அவரிடம் காட்ட வேண்டும். காட்டினால் மீதி எல்லாம் எங்கே என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டே நாளைக் கடத்துகிறேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மாதம் ஒருமுறை அந்த அம்மா எனக்குப் போன் எடுப்பார். இன்று காலையிலும் எடுத்தார். இப்படியான புத்தகங்களைத் தேடித் திரிகிற ஆள் நான்தானாம், தங்களுடையதும் ஒருநாள் என் கையில்தான் வந்து சேருமாம்.

"ஓமம்மா," என்றேன். "கிடைச்சா முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன்."